அழுகிற கண்தான் காய்ந்த கண்

இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைப் பட்டணத்தில் ஒரு சின்ன கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, தமிழ் டைப்பிங், லெமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம், போனுக்கு ரீலோட், இவைதான் பிழைப்பு. கொஞ்ச காலமாகக் கடைக்கு வருகிறவர்கள் கையில் இருக்கிற படிவத்தை நீட்டுவதற்கு முன்னால் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "என்ன தம்பி, வீட்டுல ஏதும் சண்டையா?" என்று கேட்ட அக்காமார் உண்டு. மரணச் சான்றிதழைக் கொப்பி எடுக்க வந்த ஒருவர் என் கண்ணில் வடிந்ததைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல தம்பி, அப்பாவுக்கு வயசு தொண்ணூறு தாண்டிருச்சு" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழவில்லை. என் கண் காய்ந்திருக்கிறது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. தண்ணீர் ஊற்றுகிற கண் எப்படிக் காயும்? அதுவும் பனிமூட்டம் கதவைத் தாண்டிக் கடைக்குள்ளேயே வருகிற இந்த ஊரில்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் வரிசையில் ஆள் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. கிளினிக்கில் கேட்டது, அப்புறம் ஆறுதலாக உட்கார்ந்து வாசித்தது, என் கண்ணிலும் என் அக்காவின் கண்ணிலும் பார்த்தது, அவ்வளவுதான் என் படிப்பு.

கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. அது வெறும் தண்ணீர் அல்ல. விழியோடு ஒட்டியிருப்பது வழுவழுப்பான ஒரு பசை. தண்ணீரை வழுக்கி விழாமல் பிடித்து வைப்பது அதுதான். அதன் மேல் உப்புத் தண்ணீர். மேல் இமைக்குள் வெளிப்பக்கமாக இருக்கிற கண்ணீர்ச் சுரப்பியில் இருந்து வருவது. எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அந்த எண்ணெய் இமையின் ஓரத்தில், இமை மயிருக்குப் பின்னால் வரிசையாக வாய் திறந்திருக்கிற சுரப்பிகளில் இருந்து வருகிறது. மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை இருக்கும். 1666இல் ஹைன்ரிக் மைபோம் என்கிற ஜெர்மன் டொக்டர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார், அதனால் மைபோமியன் சுரப்பி என்று பெயர். நாம் இமைக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எண்ணெய் பிழிந்து வந்து தண்ணீரின் மேல் பரவுகிறது. எண்ணெய் சரியாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. எண்ணெய் கெட்டுப்போனால் எவ்வளவு தண்ணீர் சுரந்தும் பயனில்லை, அடுத்த இமைப்புக்கு முன்னாலேயே காய்ந்துவிடும்.

காய்ந்த இடத்தில் விழியின் நரம்புக்கு எரிச்சல். உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் கருவிழியும் ஒன்று, அதனால் சும்மா இருக்காது. உடனே மூளைக்குச் செய்தி போகிறது, கண்ணீர்ச் சுரப்பி அவசர அவசரமாகக் கொட்டுகிறது. வெங்காயம் அரியும்போது வருவதும் இதே கண்ணீர்தான். இது விழியில் நிற்பதில்லை, கன்னத்தில் வழிந்து போய்விடும். எண்ணெய் இல்லாததால் கண் மறுபடியும் காயும், மறுபடியும் கொட்டும். மரணச் சான்றிதழ் ஐயா அன்றைக்குப் பார்த்தது இதைத்தான்.

எண்ணெய் ஏன் கெடுகிறது என்பதை மலையில் இருக்கிறவர்களுக்கு விளக்குவது சுலபம். மார்கழி, தை மாதத்தில் காலையில் எழும்பித் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு வராது, வெள்ளையாக உறைந்து நிற்கும். அடுப்போரம் கொஞ்ச நேரம் வைத்தால்தான் இளகும். என் இமைக்குள் இருப்பதும் அப்படி உறைந்த எண்ணெய்தான். ஒரே வித்தியாசம், இது ஊர்க் குளிரால் வருவதில்லை. சுரப்பியின் வாயில் செத்த தோல் அடைத்து, எண்ணெயின் சேர்மானமே மாறி, உடம்புச் சூட்டிலேயே இளக மறுக்கிறது. கண் வறட்சி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த எண்ணெய்ப் பிரச்சினை தனியாகவோ மற்றதோடு சேர்ந்தோ இருக்கிறது என்று டொக்டர் சொன்னார்.

எனக்கு இது தொடங்கியது தண்ணீர் வடிவதில் இல்லை. பின்னேரம் ஆகும்போது டைப் பண்ணுகிற எழுத்து மங்கும். ரெண்டு தடவை இமைத்தால் தெளியும், திரும்பவும் மங்கும். கண்ணாடிக் கடை ஒன்றில் பார்த்தபோது பவர் கூடிவிட்டது என்று புதிய கண்ணாடி போட்டுத் தந்தார்கள். அதைப் போட்டும் பின்னேரம் அதே மங்கல். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: இமைத்ததும் தெளிகிற மங்கல் பெரும்பாலும் கண்ணாடியின் குற்றம் அல்ல. விழியின் மேல் இருக்கிற நீர்ப்படலம் உடைந்துபோவதால் வருவது. அப்புறம்தான் எரிச்சல், கரகரப்பு, காலையில் எழும்பும்போது இமையோரம் பூளை, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

காற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதிக் குற்றவாளி அதுதான். அப்புத்தளை மலை முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர், கடல் மட்டத்தில் இருந்து 1,400 மீற்றருக்கு மேலே. தெற்குப் பக்கம் போய் நின்றால் கால்மாட்டில் சரிவு, அதற்கப்பால் தாழ்நிலம். தென்மேல் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு எங்கள் ஊவா மாகாணத்துக்கு வரும்போது அதில் ஈரம் மிச்சமிருக்காது. அதுதான் கச்சான். கடைப் போர்டைப் பிடுங்கி ரயில் பாதை வரைக்கும் கொண்டுபோய்ப் போடுகிற காற்று. இந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன மணம் ஏறுகிறது. ஆடியில் இருந்து புரட்டாதி வரைக்கும் பறிக்கிற கொழுந்துக்குக் கொழும்பு ஏலத்தில் தனி மதிப்பு. தேயிலைக்கு வரம், என் கண்ணுக்குச் சாபம். பனிமூட்டம் எத்தனை நாள் இருந்தாலும், காற்றடிக்கிற ஒரு நாளில் கண்ணின் ஈரம் போய்விடும்.

அதனால் மோட்டார் சைக்கிளில் போகும்போது பக்கவாட்டிலும் மூடுகிற வெள்ளைக் கண்ணாடி போடுகிறேன். சந்தியில் நிற்கிற பயல்கள் "அண்ணே, வெல்டிங் வேலையா?" என்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். நான் செய்து பார்த்த எல்லாவற்றிலும் செலவுக்குப் பலன் அதிகம் தந்தது அந்தக் கண்ணாடிதான்.

பதுளை ஆஸ்பத்திரி கண் கிளினிக்குக்கு விடியற்காலை பஸ்ஸில் போய் நம்பர் எடுத்துக் காத்திருந்தேன். பக்கத்தில் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வந்த ஒரு வயசான அம்மா. தலையில் துண்டு, கையில் ஒரு பழைய கிளினிக் கொப்பி. அவருடைய முறை வந்ததும் உள்ளே இருந்து நர்ஸ் மிஸ்ஸி எட்டிப் பார்த்து, "இங்க யாருக்கு சிங்களமும் தமிழும் தெரியும்?" என்று கேட்டார். டொக்டருக்கு "கண் எப்படி அம்மா" வரைக்கும் தமிழ் வரும், அதற்கு மேல் வராது. என் தொழிலே இதுதானே, போனேன்.

"கண்ணு கரிக்குது சாமி. பொழுதன்னிக்கும் தண்ணியா ஊத்துது. காலையில பூள கட்டி இமை ஒட்டிக்குது, எச்சி தொட்டுத்தான் தெறக்கணும்."

இதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன், எச்சில் உட்பட. டொக்டர் சிரிக்கவில்லை. "எதில் சமைக்கிறார் என்று கேளுங்கள்" என்றார்.

"மிலாறுதான். கவ்வாத்து மலையில பொறுக்கியாந்து வச்சிருக்கேன். கேஸுக்கு எங்க போறது?"

மிலாறு என்றால் தேயிலைச் செடியைக் கவ்வாத்துப் பண்ணும்போது, அதாவது கிளை நறுக்கும்போது, விழுகிற குச்சி. லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. லயத்துக் குசினி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயங்களில் புகைபோக்கி என்று ஒன்று பல காம்பராக்களில் கிடையாது. மழைக்காலத்தில் கதவைச் சாத்திவிட்டு ஈர மிலாறை ஊதி ஊதிப் பற்ற வைக்க வேண்டும். ஊதுகிறவரின் முகம் அடுப்புக்கு நேரே. நாற்பது, ஐம்பது வருஷம் அந்தப் புகையில் நின்ற கண் அது. விறகுப் புகை நீர்ப்படலத்தைக் குலைக்கும், இமை ஓரத்தையும் வீங்கச் செய்யும். பட்டணத்துக்காரர்களும் பெருமை பேச வேண்டியதில்லை, 2022இல் கேஸ் இல்லாமல் போனபோது நாங்களும் விறகுக்குத்தான் திரும்பினோம்.

டொக்டர் சொன்னவற்றை அந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மிலாறை வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் எரிக்க வேண்டும். நீளமான ஊதாங்குழலால் தள்ளி நின்று ஊத வேண்டும். மழையானாலும் சன்னலை ஒரு கை அளவுக்குத் திறந்து வைக்க வேண்டும். எச்சில் வேண்டவே வேண்டாம், ஆறவைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "கண்ணுல தண்ணி ஊத்துதுன்னு வந்தா, கண்ணுல ஊத்த இன்னும் தண்ணி மருந்து தாராங்களே, இது என்னா ஞாயம்?" டொக்டருக்கு இதையும் சொன்னேன். இந்தத் தடவை சிரித்தார்.

அப்புறம் என் முறை. கீழ் இமைக்குள் ஒரு சின்னக் காகிதப் பட்டியின் நுனியை மடித்துச் செருகி 5 நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். ஓட்டோ ஷிர்மர் என்கிற ஜெர்மன்காரர் 1903இல் கொண்டுவந்த சோதனை, இன்றைக்கும் அதுதான். காகிதம் 10 மில்லிமீற்றருக்கு மேல் நனைந்தால் தண்ணீர் போதிய அளவு சுரக்கிறது என்று அர்த்தம், 5க்குக் கீழே என்றால் கடுமையான வறட்சி. என்னுடையது நன்றாகவே நனைந்திருந்தது. அடுத்தது மஞ்சள் சாயம் ஒரு சொட்டு, நீல வெளிச்சம். இமைக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, அந்த மஞ்சள் படலம் எப்போது உடைந்து கறுப்புப் புள்ளி விழுகிறது என்று எண்ணுவார்கள். 10 விநாடியாவது தாக்குப்பிடிக்க வேண்டும். என்னுடையது நாலில் உடைந்தது. கடைசியாக டொக்டர் கீழ் இமையைப் பஞ்சுக் குச்சியால் மெல்ல அழுத்திப் பார்த்தார். தெளிந்த எண்ணெய் வரவேண்டிய துளைகளில் இருந்து கெட்டியாக வெள்ளையாக ஏதோ வந்தது, சில துளைகளில் ஒன்றுமே வரவில்லை. எண்ணெய் வராமலே கன நாள் கிடந்தால் சுரப்பி சுருங்கி அழிந்துபோகுமாம், அழிந்த சுரப்பியைத் திரும்பக் கொண்டுவர முடியாதாம். எனக்குப் பயம் வந்த இடம் அதுதான்.

"என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

சும்மா இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 15 தடவைக்குக் கிட்ட இமைக்கிற மனிதன், கம்பியூட்டரைப் பார்க்கும்போது 5, 7 தடவைதான் இமைக்கிறான். அதுவும் பாதி இமைப்பு. மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே திரும்பிவிடும். இமை முழுசாக மூடினால்தான் எண்ணெய் பிழியும். இங்கிலிஷ் படிவத்தில் கேட்பதைத் தமிழில் கேட்டு, சிங்களத்தில் நிரப்புகிற வேலையில் இமைக்க எங்கே ஞாபகம் வரும்? போனிலும் இதே கதைதான். பிள்ளைகளுக்கும் இதே கதைதான், அதைப் பெற்றோர் கவனிப்பதில்லை.

கடையில் சில மாற்றங்கள் செய்தேன். மொனிட்டரை ரெண்டு பேப்பர் பெட்டிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தேன், கழுத்து வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதால். அதை இறக்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கண் அகலமாகத் திறக்கும், தாழ்த்திப் பார்த்தால் இமை பாதி மூடியிருக்கும், காயும் பரப்புக் குறையும். போட்டோகொப்பி மெஷினின் சூட்டுக் காற்று என் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது, அதைத் திருப்பி வைத்தேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பார் என்று ஒரு விதி சொல்வார்கள். கடை வைத்திருக்கிறவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. நான் செய்வது வேறு: கொப்பி ஓடுகிற நேரமெல்லாம் கண்ணை மூடி, இறுக்காமல் முழுசாக ரெண்டு மூன்று தடவை இமைக்கிறேன். ஐம்பது பக்கம் கொப்பி கேட்டு யாராவது வந்தால் எனக்குக் காசும் லாபம், கண்ணும் லாபம்.

இனி வைத்தியத்தின் நடு வேர்: சூடு. மூடிய இமையின் மேல் 40 பாகை செல்சியஸ் அளவு சூடு, அதையும் 10 நிமிடம் விடாமல் கொடுக்க வேண்டும். சொல்வதற்கு லேசு. இந்த ஊரில் வெந்நீரில் நனைத்த துவாய் ரெண்டு நிமிடத்தில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த துவாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு மிச்சம் எட்டு நிமிடம் கிடப்பது வெறும் சடங்கு. "நானும் ஒத்தடம் வச்சுப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல" என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்தது இந்தச் சடங்கைத்தான் என்பது என் எண்ணம்.

என் முறை இது. கட்டிலுக்குப் பக்கத்தில் சுடுதண்ணிப் பிளாஸ்க், ஒரு சட்டி, ரெண்டு சின்னத் துவாய். சட்டியில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, மணிக்கட்டின் உட்பக்கத்தில் தொட்டுப் பார்த்துச் சூடு தாங்குமா என்று பார்த்த பிறகுதான் முகத்துக்கு. ஒரு துவாய் கண்ணில் இருக்கும்போது மற்றது சட்டியில். ஆறியதும் மாற்றுவது. மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் அரிசியைப் பருத்தித் துணிப் பையில் தைத்துச் சூடாக்கலாம், அது கூட நேரம் தாங்கும். ஆனால் கண்ணின் தோல் மெல்லியது, அவசரப்பட்டு வெந்துபோனவர்களும் உண்டு. சூட்டுக்குப் பிறகு உடனே, எண்ணெய் இளகியிருக்கும்போதே, மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மெல்ல நீவ வேண்டும். அமுக்கக் கூடாது, நீவுவது இமையைத்தான், விழியை அல்ல. அப்புறம் இமையோரத்தைத் துடைக்க வேண்டும். பேபி ஷாம்பூ கலந்து துடைக்கச் சொல்வது பழைய முறை. அதுவே கண்ணின் மேற்பரப்புக்கு ஆகாது என்று இப்போது பல டொக்டர்மார் இமைக்கென்று செய்த திரவத்தைத்தான் சொல்கிறார்கள். சிலருக்கு இதோடு குறைந்த அளவில் டொக்சிசைக்ளின் என்கிற அன்டிபயோட்டிக் குளிசையும் கொஞ்ச காலத்துக்கு எழுதுவார்கள்.

முதல் ரெண்டு கிழமை ஒன்றும் தெரியாது. ஒரு மாதத்துக்குப் பிறகு, பின்னேர மங்கல் வர நேரமாவதைக் கவனித்தேன். நல்லாகிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். பல் விளக்குவதை யாரும் நல்லாகிவிட்டது என்று நிறுத்துவதில்லையே.

சொட்டு மருந்து பற்றி. செயற்கைக் கண்ணீர் என்று பாமசியில் விற்பவற்றில் கார்பொக்சிமெதில் செலுலோஸ், ஹைப்ரோமெலோஸ், சோடியம் ஹயலுரொனேட் இவற்றில் ஏதோ ஒன்று பெரும்பாலும் இருக்கும். எல்லாமே கண்ணை ஈரமாக வைக்கிற வேலையைச் செய்கின்றன. அடைப்பை எடுப்பதில்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டியது, போத்தலில் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து. பென்சல்கோனியம் குளோரைட் என்று பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்குள் என்றால் பெரும்பாலோருக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் போட்டால் அந்தப் பொருளே விழியின் மேற்பரப்பை அரிக்கும். அடிக்கடி போடுகிறவர்களுக்கு ஒரு தடவை உடைத்துப் போட்டுவிட்டு எறிகிற சின்னக் குழாய்தான் நல்லது. அது விலை. தோட்டத்துச் சம்பளத்தில் மாதா மாதம் வாங்கச் சொல்வது நடக்காத காரியம். பசறை அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, டொக்டரும் சொல்லவில்லை. ஒரு போத்தலைக் கொடுத்து நாலு தடவைக்கு மேல் வேண்டாம் என்றார்.

உடைத்த குழாயை மூடி வைத்து மறுநாள் போடுகிற சிக்கனம் வேண்டாம். அமெரிக்காவில் 2023இல், கெடாமல் இருக்கும் மருந்து சேர்க்காத ஒரு செயற்கைக் கண்ணீரில் சூடோமோனாஸ் கிருமி இருந்து சிலருக்குக் கண் போனது, 4 பேர் இறந்தும்போனார்கள். அந்த மருந்து செய்யப்பட்டது நமக்குப் பக்கத்தில், சென்னைக்கு அருகே. போத்தலின் மூக்கு இமையில் தொடக் கூடாது, கணவன் மனைவி ஒரே போத்தலில் போடக் கூடாது என்பதெல்லாம் அதனால்தான்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொரு பழக்கத்தில். கண் சிவந்தால் பாமசியில் போய் "கண்ணுக்கு ஒரு மருந்து தாங்க" என்று கேட்பது. கையில் வருவது சில வேளை ஸ்டீராய்ட் கலந்த சொட்டாக இருக்கும். போட்டதும் சிவப்பு மாயமாகப் போகும். அதனால் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். டொக்டர் பார்வையில் கொஞ்ச நாளைக்குப் போட்டால் அது நல்ல மருந்துதான். தன்பாட்டில் மாதக்கணக்காகப் போட்டால் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பைத் தின்னும். கண்புரையும் சீக்கிரம் வரும். சிவப்பை மட்டும் போக்குகிற இன்னொரு வகைச் சொட்டு உண்டு, நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். தும்மலுக்குப் போடுகிற குளோர்பெனிரமைன் குளிசையும் கண்ணீரைக் குறைக்கும், இது பலருக்குத் தெரியாது.

என் அம்மா நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் போட்டு வைத்து மூடிய கண்ணின் மேல் ஒத்தி வைக்கச் சொல்வார். குளிர்ச்சியாக இருக்கிறது, செய்துவிட்டுப் போகலாம். அதைப் பிழிந்து சாறாக, தேனாக, தாய்ப்பாலாக, விளக்கெண்ணெயாகக் கண்ணுக்குள் விடுவதுதான் வேண்டாம். அதிலும் மலையில் வேலை செய்கிறவர்கள், தேயிலைக் குச்சியோ மானா புல்லோ கண்ணில் குத்திவிட்டால் ஒரு மருந்தும் விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செடி குத்திய காயத்தில் பூஞ்சை பிடித்தால் கருவிழியே புண்ணாகிப்போகும். பொன்னாங்கண்ணிக் கீரையைச் சுண்டிச் சாப்பிடுங்கள், ருசியான கீரை. என் இமைத் துளைகளை அது திறக்கவில்லை. மீனெண்ணெய்க் குளிசைக்கும் பெரிய எதிர்பார்ப்பு வைக்க வேண்டாம். அமெரிக்காவில் 500 பேருக்கு மேல் சேர்த்து ஒரு வருடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் ஒலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை.

இவ்வளவும் என் கண். வெலிமடையில் இருக்கிற அக்காவின் கண் வேறு. எனக்கு எண்ணெய் இல்லை, அவளுக்குத் தண்ணீரே இல்லை.

பெரியப்பா செத்த வீட்டில் அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெரியப்பா தூக்கி வளர்த்த பிள்ளை அவள். மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள், கண் மட்டும் காய்ந்து சிவந்து கிடந்தது. பக்கத்தில் ஒப்பாரி வைத்த சில சொந்தக்காரர் அதை வேறு விதமாகப் பேசினார்கள். நானோ செத்தவரோடு அவ்வளவு பழக்கமில்லாத வீட்டிலும் காற்றடித்தால் அழுகிறவன், எனக்கு நல்ல பெயர்.

கிளினிக்கில் டொக்டர் என்னிடம் வாய் காய்கிறதா, மூட்டு வலிக்கிறதா என்று கேட்டிருந்தார். எனக்கு இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அக்கா ஞாபகம் வந்தது. ரொட்டி தின்னும்போது வாய்க்கு வாய் தண்ணீர் குடிப்பாள். பல் ஒவ்வொன்றாகச் சொத்தையாகிக்கொண்டு வந்தது. காலையில் விரல்களை மடக்க முடியாமல் சுடுதண்ணியில் வைப்பாள். எல்லாவற்றையும் வயசுக் கணக்கில் எழுதியிருந்தோம். கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய காகிதப் பட்டி நுனியில் மட்டும்தான் ஈரம். ரத்தப் பரிசோதனை, அப்புறம் கீழுதட்டின் உட்பக்கத்தில் இருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தது, எல்லாம் முடிந்து ஷோகிரன் என்று பெயர் சொன்னார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தன்னுடைய கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையுமே எதிரி என்று தாக்குகிற நோய். ஹென்ரிக் ஷோகிரன் என்கிற சுவீடன் நாட்டுக் கண் டொக்டர் 1933இல் தன் ஆய்வில் இதை விவரித்தார். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கண் டொக்டர் மட்டும் பார்த்துத் தீர்வதில்லை, மூட்டு வாத நோய் கிளினிக்குக்கும் தொடர்ந்து போக வேண்டும்.

எனவே கண் வறட்சியோடு வாயும் காய்கிற பெண்கள் யாராவது வீட்டில் இருந்தால், மாதவிடாய் நிற்கிற வயசு என்று அதைத் தள்ளி வைக்காமல் டொக்டரிடம் ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வயசில் சாதாரணமாகவே கண் காய்வது உண்டு, சீனி வருத்தத்திலும் உண்டு, அதனால்தான் இது எளிதில் தப்பிவிடுகிறது.

அக்காவுக்கு மூக்கோரம் இமையில் இருக்கிற கண்ணீர் வடியும் துளையைச் சின்ன சிலிக்கன் அடைப்பானால் மூடினார்கள். இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் மூக்குக்குள் ஓடிவிடாமல் நிற்பதற்கு. வலிக்கவில்லை, உறுத்தவும் இல்லை என்றாள். இப்போது 0.05 வீதச் சைக்ளோஸ்போரின் சொட்டு, காலையும் மாலையும். அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்த மருந்து, கண்ணின் மேற்பரப்பில் இருக்கிற அழற்சியை மெல்ல அடக்குகிறது. மெல்ல என்றால் நிஜமாகவே மெல்ல, மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம். அதற்கிடையில் போடுகிறபோது பலருக்கு எரியும். எரிகிறது என்று பாதிப் பேர் நடுவில் விட்டுவிடுவார்கள், உங்கள் அக்காவை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார்.

அதனால் தினம் ராத்திரி போன் எடுத்து, "அக்கா, மருந்து போட்டியா?" என்று கேட்பது என் வேலையாகிவிட்டது. "ஒன்னய கண்ணாஸ்பத்திரிக்கு யாருடா போகச் சொன்னா? நான் பாட்டுக்கு ரொட்டிக்கு ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தேன்" என்று ஏசுகிறாள். ஏசி முடித்த பிறகு போடுகிறாள். இன்னும் ரெண்டு மாதம் ஏச்சு வாங்க வேண்டியிருக்கிறது.